கொண்டை வைத்த பெட்டைக்கோழி

மழை மாதம் தவறாமல் பெய்த காலத்தில், பூவரசநல்லூர் நாட்டை மகுடேந்திரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், கை கழுவி வருவதற்குள் வேறொன்று சொல்வார். அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடித்தவள் அங்காயி. அதற்கே அவளுக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

பக்கத்து நாட்டு மலையரசரோடு ஏரித் தண்ணீர் விஷயமாக மகுடேந்திரனுக்கு ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த மலையரசர் ஒருவழியாக விருந்துக்கு வரச் சம்மதித்தார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் வியாபாரி தான் தூரதேசத்தில் சாப்பிட்ட பண்டத்தைச் சபையில் வர்ணித்துவிட்டுப் போனான். முழுக் கோழிக்குள் மசாலா அடைத்து, அடுக்கடுக்கான மாவால் மூடி, அடுப்பில் சுடுவார்களாம். தொட்டால் ஏடு ஏடாக உதிருமாம்.

"அங்காயி, அதுதான் விருந்து. மலையரசர் தம் கையால் உடைக்க வேண்டும். அதுவரை ஒரு ஏடுகூட உதிரக் கூடாது" என்றார் ராஜா.

"செஞ்சிடலாம் மகாராஜா" என்றாள் அங்காயி. அவள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கோதுமை மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, நெய் தடவி மடித்து, தேய்த்து, மறுபடி மடித்தாள். ஈரல், முந்திரி, சின்ன வெங்காயம், மிளகு எல்லாம் வதக்கிக் கோழிக்குள் அடைத்தாள். முதல் கோழி அடுப்புக்குள்ளேயே வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. கோழியின் ஆவிக்கு வெளியே போக வழியில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்றாவதற்குக் கழுத்து உச்சியில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை விட்டாள். கோழி பொன்னிறமாக, முழுசாக வந்தது. அங்காயிக்கு அழுகையே வந்துவிட்டது.

இதைப் பார்த்து வயிறு எரிந்தவர் ஒருவர் உண்டு. தாண்டவராயர். ராஜாவுக்கு வைக்கிற எதையும் முதலில் ருசி பார்த்து, விஷமில்லை என்று சொல்வது அவர் உத்தியோகம். ருசி பார்க்கிறேன் என்று பாதித் தட்டைக் காலி செய்வது அவர் வழக்கம். மடைப்பள்ளியில் தம் மைத்துனனை நுழைத்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

விருந்துக்கு முதல்நாள் அவர் சபையில் எழுந்தார். "மகாராஜா, ருசி பார்க்காத பண்டம் பந்திக்குப் போகக் கூடாது என்பது தங்கள் பாட்டனார் போட்ட சட்டம். வெட்டாமல் நான் எப்படி ருசி பார்ப்பது? வெட்டினால் தங்கள் கட்டளை என்னாவது?"

ராஜா தாடியைத் தடவினார். பாட்டனார் சட்டத்தையும் மீற முடியாது, தம் வாக்கையும் மாற்ற மனமில்லை. ஒருநாளும் இல்லாத திருநாளாக அன்றைக்குப் பார்த்து உறுதியாக நின்றார். "இரண்டும் நடக்க வேண்டும். முடியாவிட்டால் அங்காயி, கரண்டியை ராயரின் மைத்துனனிடம் கொடுத்துவிடு."

அங்காயி ஒரு அடி முன்னால் வந்தாள். "சரிங்க மகாராஜா. ராயர் எதையெதை, எவ்வளவு ருசி பார்க்கணும்னு இப்பவே சபையில சொல்லிடட்டும். நாளைக்குத் தகராறு வேண்டாம்."

"மேல்மாவில் ஒரு வாய். உள்மசாலாவில் ஒரு வாய். கறியில் ஒரு வாய்" என்றார் ராயர், மூன்று விரலை நீட்டி. முடியாத காரியத்துக்கு மூன்று வாய் போதும் என்று அவருக்கு நினைப்பு.

"அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

எழுத்தர் அதை ஓலையில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பந்தியில் கோழி வந்து உட்கார்ந்தது. மாவாலேயே அலகு, மாவாலேயே சிறகு. தலையில் பெரிய கொண்டை ஒன்று நிமிர்ந்து நின்றது. மலையரசர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டவராயர் கத்தியோடு வந்தார். "எங்கே வெட்டட்டும், அங்காயி?"

"கத்தி எதுக்குங்க?" அங்காயி கொண்டையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். தனியாகச் சுட்டுச் செருகி வைத்திருந்தது, அப்படியே கையோடு வந்தது. "இது மேல்மாவு." கொண்டை இருந்த இடத்தில் அந்த ஆவி ஓட்டை. அதில் மெல்லிய நெய்க்கரண்டியை விட்டு மசாலாவை எடுத்தாள். பிறகு ஓட்டைக்குள் முன்பே கட்டித் தொங்கவிட்டிருந்த நூலை இழுத்தாள். அதே கோழியின் கழுத்துக் கறித்துண்டு, தூண்டிலில் மாட்டிய கெண்டை மாதிரி மேலே வந்தது. "மூணு வாய். பார்த்துக்கோங்க."

ராயர் மென்றார். விழுங்கினால் தோல்வி, துப்பவோ மனமில்லை. அவ்வளவு ருசி. கடைசியில், "கொண்டை போய்விட்டதே! இது எப்படி முழுக் கோழி ஆகும்?" என்றார்.

"பெட்டைக்கோழிக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய கொண்டை? அது உங்களுக்குன்னு வச்சது" என்றாள் அங்காயி.

முதலில் சிரித்தவர் மலையரசர். ஏழு வருஷமாக இந்த நாட்டுப் பக்கம் திரும்பி முறைத்துக்கொண்டிருந்த மனிதர், கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் கோழியை உடைத்தார். ஏடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன, ஆவி மணத்தது. நல்ல துண்டாகப் பார்த்து மகுடேந்திரன் இலையில் வைத்தார். ஏரிப் பேச்சு பாயசத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அங்காயிக்குக் கொடுத்தார். "வேறென்ன வேண்டும், கேள்."

"ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. நேத்து எழுதின ஓலை கிழியாம இருந்தா போதும்."

ராஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஓலையை வாங்கிப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "ராயரே, நீரே சபையில் சொன்ன அளவு. இனி எந்தப் பண்டமானாலும் உமக்கு ஒவ்வொரு வாய்தான்."

ராயர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

அன்று முதல் அந்த அரண்மனையில் பாதித் தட்டு காலியாவது நின்றது. ராயரின் இடுப்புக் கச்சை மாதத்துக்கு ஒரு விரல் இறுகியது. ஆனால் விருந்து நாட்களில் மட்டும் கோழியின் கொண்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனது. அங்காயிதான் வளர்த்தாள். பசித்த முகத்தைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.