வெள்ளத்தாயி கொட்டுன முள்ளு

கொஞ்சம் நகந்து படு. அத்தைக்கும் எடம் வேணும்ல? காலைத் தூக்கி எம் மேல போடாத, உங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான் போட்டு என் இடுப்பை ஒடைச்சான். ஆங், அப்படி. கதை நடுவுல 'ம்' கொட்டணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன். சரியா?

ஒரு ஊர்ல ஒரு கண்மாய். இந்தக் கரையில நின்னு கூப்பிட்டா அந்தக் கரைக்குக் கேக்காது, அம்புட்டுப் பெரிய கண்மாய். அதோட கரையோரத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பக்கத்துப் பக்கத்து வீடு. அண்ணன் பொண்டாட்டி வெள்ளத்தாயி, தம்பி பொண்டாட்டி செகப்பி. அண்ணன் தம்பி கதை நமக்கு வேணாம். அவங்க பாட்டுக்கு வயலுக்குப் போவாங்க, வருவாங்க, சோத்தைத் தின்னுட்டுப் படுப்பாங்க. கதை பூரா இந்த ரெண்டு ஓரகத்திங்கதான்.

என்ன? உங்கம்மா கதையில ராஜா வருவாரா? வருவாரு, வருவாரு. யானைகூட வரும். எங்கதையில இவங்கதான் வருவாங்க, பிடிச்சா கேளு, இல்லாட்டி உங்கம்மா வந்ததும் அவகிட்டயே கேட்டுக்க.

ம், அப்படி வா வழிக்கு.

வெள்ளத்தாயிக்கு ஒரே மக, பேரு தேனு. உன் வயசு, உன்னை மாதிரியே வாயி. இந்த வெள்ளத்தாயி கெட்டவளான்னா, கெட்டவ இல்ல. வந்தவங்களுக்கு வாரி வாரிச் சோறு போடுவா. ஆனா பொறாமை இருக்கே, அடேயப்பா! பக்கத்து வீட்டுக் கோழி கூட ஒரு முட்டை போட்டா இவ வயித்துல குபுகுபுன்னு எரியும்.

அந்தக் கண்மாய்க்கு ஊர்ல கட்டுப்பாடு உண்டு. கரையில உக்காந்து தூண்டில் போட்டுக்கலாம். ஆளுக்கொரு துறை, அவங்கவங்க எடத்துல. ஆனா உள்ள இறங்கக்கூடாது. கோடையில தண்ணி வத்தி முழங்காலுக்கு வந்ததும் ஒரு நாள் மீன்பிடி வைப்பாங்க. அன்னைக்கு ஊர்த் தலைவரு, அம்பலம்னு சொல்லுவாங்க, அவரு மடை மேல ஏறி நின்னு வெள்ளைத் துண்டை வீசுவாரு. வீசினதும் ஊரே ஹோன்னு உள்ள பாயும். துண்டு வீசுறதுக்கு முன்னாடி யாரு காலாவது தண்ணியில பட்டுச்சோ, அந்த வீட்டு அடுப்புல அந்த வருஷம் கண்மாய் மீன் ஏறக்கூடாது, பக்கத்து வீட்டுலேருந்து ஒரு துண்டு கொடுக்கவும் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. கண்மாய் ஐயனாருக்குச் சொந்தம். அதனால செருப்புப் போட்டு இறங்க மாட்டாங்க. சின்னது பெருசு எல்லாம் வெறுங்காலுதான்.

ம் சொல்லு. ம்.

அப்போ என்னாச்சு, டவுன்லேருந்து கார் போட்டுக்கிட்டு மீன் பிடிக்க ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. அவங்க மண்புழுவெல்லாம் மாட்ட மாட்டாங்க. பொய்மீன் வெச்சிருப்பாங்க. மரத்துல மீன் மாதிரியே செதுக்கி, செவப்பு மஞ்சள்னு சாயம் பூசி, வயித்துக்கு அடியில முள்ளு தொங்கும். தண்ணியில போட்டு இழுத்தா நெசமான மீனு நெளியுற மாதிரி சுளுக் சுளுக்னு ஆடும். விரால் பாஞ்சு வந்து லபக்னு கவ்வும், மாட்டிக்கும். ஆனா கண்மாய்க்குள்ள கருவேல மரம் நெறையல்ல? பாதி நேரம் பொய்மீன் போய் மரத்துல சிக்கிக்கும். இழுப்பாங்க, தூண்டில்ல கட்டுன தங்கூசி நரம்பு டப்னு அறுந்துரும். போனாப் போகுதுன்னு விட்டுட்டு, குடிச்ச பாட்டிலு, தின்ன பாக்கெட்டு எல்லாத்தையும் அங்கேயே போட்டுட்டுப் போயிருவாங்க. வீட்டுல இப்படிப் போட்டா அவங்கம்மா முதுகுல நாலு வெப்பா. இங்க யாரு கேக்குறது?

செகப்பிதான் கேட்டா. வாயால இல்ல, கையால. பொழுது சாயுற நேரத்துல ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டியையும் ஒரு கூடையையும் எடுத்துக்கிட்டுக் கரையோரமாப் போவா. கரையில நின்னபடியே தொரட்டிய நீட்டி, மரத்துல சிக்கினதை எல்லாம் சரக் சரக்னு இழுப்பா. அப்படி இழுக்கும்போது ஒரு நாள் செவப்புப் பொய்மீன் ஒண்ணு வந்துச்சு. எந்தக் காலத்துல சிக்குனதோ, பாசி புடிச்சுக் கெடந்துச்சு. இன்னொரு நாள் ரப்பர்ல ஒரு பொய்த்தவளை. அப்புறம் ஒரு நாள் வெள்ளித் தகடு மாதிரி பளபளன்னு ஒண்ணு. முள்ளை எல்லாம் குறட்டால கழட்டிட்டு, சாம்பல் போட்டுத் தேச்சு, வாசல்ல கயித்துல வரிசையாத் தொங்க விட்டா. காத்தடிச்சா கிலுகிலு, கிலுகிலுன்னு சத்தம்.

போச்சா! தேனு அங்கேயே கெடையாக் கெடக்க ஆரம்பிச்சுட்டா. செவப்பு மீனுக்கு மாப்பிள்ளைன்னு பேரு வெச்சா, தவளைக்குப் பொண்ணுன்னு பேரு வெச்சா. "தேனு, சாப்பிட வாடி!"ன்னு வெள்ளத்தாயி கூப்பிட்டா, "சித்தி ஊட்டிருச்சும்மா"ன்னு பதில் வரும்.

வயித்துல குபுகுபு. பெத்தது நானு, ஊட்டுறது அவளா?

அதுமட்டுமா, குப்பை போனதும் செகப்பி துறையில மீன் வந்து மொய்க்குது. தூண்டில் போட்டாப் போதும், டபக்னு விரால். பாவம், அவ கொழம்பு வெச்சு ஒரு சட்டி கொண்டாந்து இவளுக்கும் குடுத்தா. "உப்புக் கூடிப் போச்சுடி"ன்னா வெள்ளத்தாயி. சொல்லிட்டு, சட்டியை வழிச்சு நக்கிட்டுத்தான் வெச்சா.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும்.

அப்புறம் வெள்ளத்தாயி நெனச்சா, இவளுக்கு மட்டும்தான் கெடைக்குமா, நானும் எடுக்குறேன் பாருன்னு. அவளும் ஒரு தொரட்டியத் தூக்கிக்கிட்டுப் போனா. ஒரு பச்சைப் பொய்மீன் கெடைச்சுச்சு. அதை முள்ளோட தூண்டில்ல கட்டி, மூச்சைப் புடிச்சு வீசினா. விர்ர்ருன்னு போயி, மரத்துல சிக்கிருச்சு. இழுத்தா, டப்! நரம்பும் போச்சு, பொய்மீனும் போச்சு. தேனு கைகொட்டிச் சிரிச்சா. "சித்தின்னா எடுத்திருக்கும்"னு வேற சொன்னா. எரியுற அடுப்புல எண்ணெயை ஊத்துன மாதிரி ஆச்சு.

அப்போ நேரா அம்பலம் வீட்டுக்குப் போனா. "அய்யா, செகப்பி தெனமும் கண்மாய்க்குள்ள இறங்குறா. ஊர்க் கட்டுப்பாடு என்னத்துக்கு ஆச்சு?"ன்னு கேட்டா. அவரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நேர்ல வந்து பார்த்தாரு. செகப்பி கால்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. கரையில நின்னு பாட்டிலு பொறுக்கிக்கிட்டு இருக்கா. "இப்படி ஊருக்கு நாலு பேரு இருந்தா நான் எதுக்குத்தா?"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. புகார் சொல்லப் போயி, அவளுக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டா இவ!

ம்? முழிச்சிருக்கியா? ம்.

அப்புறம் மூணாவதா ஒண்ணு செஞ்சா பாரு, அதுதான் தப்பு. செகப்பி, தான் கழட்டுன முள்ளு, துருப்புடிச்சது ஒடைஞ்சது, தங்கூசிச் சிக்கலு, பாட்டில் சில்லு, எல்லாத்தையும் ஒரு பெரிய டப்பாவுல போட்டுக் கொல்லையில வெச்சிருந்தா, பழைய இரும்புக்காரர் வந்தா போடலாம்னு. செகப்பி ஒரு நாள் சந்தைக்குப் போனா. வெள்ளத்தாயி அந்த டப்பாவைத் தூக்கி முந்தானைக்குள்ள மறைச்சுக் கொண்டு போயி, செகப்பி துறையில, தண்ணியில, கலகலகலன்னு கொட்டிட்டா.

அவளே அவளுக்கு நியாயமும் சொல்லிக்கிட்டா. "தண்ணியில கெடந்ததுதானே, தண்ணிக்கே போகட்டும். மீனு இனிமே அந்தப் பக்கம் அண்டுதான்னு பாக்குறேன்."

டப்பாவைக் காணோம்னதும் செகப்பி, இரும்புக்காரர்தான் எடுத்துக்கிட்டுப் போயிட்டாருபோலன்னு விட்டுட்டா. மீனும் அந்தத் துறைக்கு வர்றது கொறைஞ்சு போச்சு. "என்னன்னு தெரியலக்கா"ன்னு செகப்பி மொகம் வாடி நின்னா. வெள்ளத்தாயிக்கு அன்னைக்குச் சோறு ரெண்டு கை கூட எறங்குச்சு.

அப்புறம் வெயில் வந்துச்சு, தண்ணி வத்துச்சு, டமடம டமடமன்னு தண்டோரா போட்டாங்க. நாளைக்கு மீன்பிடி!

ஊரே கரையில வந்து நிக்குது. வலை வெச்சிருக்காங்க, ஊத்தா வெச்சிருக்காங்க. ஊத்தான்னா அடியில்லாத மூங்கில் கூடை. மீன் மேல அமுக்கிட்டு மேல கையை விட்டு எடுப்பாங்க. அவங்கவங்க துறையில அவங்கவங்க நிக்கிறாங்க. வெள்ளத்தாயி கையை நீட்டி, "தேனு, ஆத்தா கையப் புடிச்சுக்கடி"ன்னா. "நான் சித்தி கூடத்தான் இறங்குவேன்"னு அது குடுகுடுன்னு ஓடிப் போயி செகப்பி கையப் புடிச்சுக்கிச்சு.

வெள்ளத்தாயிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மீனு எங்க, அம்பலம் எங்கன்னு எதையும் பார்க்கல. அங்கேயே மொறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. எம்மக எப்படிச் சிரிக்குது பாரு அவகிட்ட. எப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு. பாவாடையைத் தூக்கிச் சொருகி விடுறா பாரு, நான் சொருகுனா நிக்க மாட்டா. அப்படியே பார்வை கீழ எறங்குச்சு. தேனோட ரெண்டு காலு. வெறுங்காலு. தண்ணிக்கு ஒரு அடி தள்ளி, எப்படா துண்டு வீசுவாங்கன்னு தக்கு தக்குன்னு குதிக்குது.

அப்பத்தான் டப்பா ஞாபகம் வந்துச்சு அந்தப் பொறாமைக்காரிக்கு.

அந்தப் பக்கம் அம்பலம் தோள்லேருந்து துண்டை எடுத்துட்டாரு. கையைத் தூக்குறாரு.

வெள்ளத்தாயி வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டு ஓடினா. சுத்திப் போனா நேரமாகும்னு தண்ணிக்குள்ளயே விழுந்து, சளப் சளப்னு ஓடினா. "ஏய்! துண்டு வீசல! எவ அவ?"ன்னு ஊரே கத்துது. இவ அதைவிடச் சத்தமா, "வீசாதீங்க! அய்யா வீசாதீங்க! தேனு, காலை வெக்காத!"ன்னு கத்திக்கிட்டே போயி, மகளுக்கு முன்னாடி கையை விரிச்சு மறிச்சு நின்னா. சுருக்! அவ காலுல முதல் முள்ளு ஏறுச்சு.

"என்னக்கா ஆச்சு?"ன்னா செகப்பி.

"முள்ளு கெடக்குடி. தூண்டி முள்ளு. பாட்டில் சில்லு."

மடை மேலேருந்து அம்பலம் கேட்டாரு, "உனக்கு எப்படித்தா தெரியும்?"

இப்போ என்ன சொல்லுவா? டவுன்காரங்க போட்டாங்கன்னு சொல்லலாம், ஊரு நம்பிரும். வாய் வரைக்கும் அது வந்துச்சு. தேனு அண்ணாந்து அவ மொகத்தையே பாக்குது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?

"நாந்தான்யா கொட்டுனேன். இவ மேல உள்ள பொறாமையில."



அப்புறம் வெள்ளத்தாயி குனிஞ்சு சேத்துக்குள்ள கையை விட்டுத் துழாவுறா. ஒவ்வொண்ணா எடுத்து மடியில போடுறா. கையில ஏறுது, புடுங்குறா, மறுபடி துழாவுறா. அப்போ பின்னாடி சளக்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, செகப்பி தண்ணிக்குள்ள நிக்கிறா.

"அடிப் பாவி, துண்டு வீசலடி! உன் வீட்டுக்கும் மீன் போயிருமே!"

"போகட்டும்க்கா. நீ ஒருத்தியா எப்ப எடுத்து முடிக்கிறது? அந்த ஓரம் பாரு, நான் இந்த ஓரம் பாக்குறேன்."

கரையில நிக்கிற கெழவிங்க எல்லாம், "செகப்பி மாதிரி வருமா"ன்னு பேசிக்கிறாங்க. வெள்ளத்தாயி காதுல அதுவும் விழுகுது. இதுலயும் அவளுக்குத்தான் நல்ல பேரான்னு வயித்துல குபுகுபு! என்ன பண்றது, பொறந்த கொணம். ஆனா கை மட்டும் நிக்கல.

உச்சி வெயில் வர்ற வரைக்கும் ஊரே காத்துக் கெடந்துச்சு. ரெண்டு பேரும் துழாவித் துழாவி, இனிமே ஒண்ணும் இல்லன்னு காலால மிதிச்சுப் பார்த்துட்டுக் கரையேறினாங்க. அப்புறம்தான் துண்டு விசுக்னு பறந்துச்சு. ஹோன்னு எல்லாரும் பாஞ்சாங்க. தேனும்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோட. ஒரு காலுல ஒரு கீறல் இல்ல. இவங்க ரெண்டு பேரும் கரையில உக்காந்து வேடிக்கை பார்த்தாங்க. அம்பலம் வந்து, "இனிமே வருஷா வருஷம் மீன்பிடிக்கு முன்னாடி எல்லாத் துறையையும் அலசிப் பார்த்துட்டு வெள்ளத்தாயிதான் வந்து 'வீசுங்க'ன்னு சொல்லணும். அந்த வேலைக்கு மட்டும் அவ முன்னாடியே இறங்கிக்கலாம். அவ சொல்லாம நான் வீச மாட்டேன்"னு தீர்ப்புச் சொல்லிட்டுப் போனாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஊரு முழுக்க மீன் கொழம்பு வாசம். இந்த ரெண்டு வீட்டுல மட்டும் ரசம். ரெண்டு பேரு கையிலயும் மஞ்சப் பத்துப் போட்டுத் துணி சுத்தியிருக்கு. தேனு அம்மா மடியில ஏறி உக்காந்து, அந்தக் கையைப் புடிச்சு, ஃபூ... ஃபூன்னு ஊதி விட்டா. வெள்ளத்தாயிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்புறம் அது எந்திரிச்சு சித்திகிட்டப் போயி, அவ கையையும் புடிச்சு ஊதுச்சு. ஃபூ... ஃபூ... ஃபூ... ஊதுது, ஊதுது, ஊதிக்கிட்டே இருக்கு. எனக்கு ரெண்டு தடவைதானே ஊதுனா? வெள்ளத்தாயி ஓரக்கண்ணால பாக்குறா. வயிறு குபுகுபுங்குது. "இங்க வாடி"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு.

ரசத்தை ஒரு மடக்குக் குடிச்சுக்கிட்டா.

"நல்லா ஊதி விடுடி தேனு. அது என்னால வந்த காயம்"னு சொன்னா.

ம் எங்க? காணோமே. சரி சரி, சொல்ல வேணாம். கதையும் கரையேறிருச்சு, கண்ணும் சொருகிருச்சு. தூங்கு தங்கம், தூங்கு.