அடிக்கிளையின் நிறம்

பறவைகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசியதோடு நில்லாமல், பேசியதைத் தீர்மானமாக நிறைவேற்றி, சிறகு தட்டி மகிழவும் கற்றிருந்த காலம். அப்போது ஒரு கண்மாய்க்கரையில் பெரிய இலுப்பை மரம் ஒன்று நின்றது. மரம் என்பது நாம் வைத்த பெயர். இன்று தவிட்டுக் குருவி என்று நாம் அழைக்கிறோமே, அவற்றின் முப்பாட்டன்களும் முப்பாட்டிகளும் அங்கேதான் குடியிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு பட்டணம்.

ஏழு பெருங்கிளைகள். ஒவ்வொரு கிளைக்காரருக்கும் ஒவ்வொரு நிறம். உச்சிக்கிளைக்காரர்கள் வெயிலை முதலில் வாங்கிக் குடித்துப் பொன் நிறமாக மின்னினார்கள். அதற்கடுத்த கிளை சிவப்பு, அதற்குக் கீழே பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை. கடைசியாக அடிக்கிளை. மாட்டுவண்டிகள் கிளப்பிய புழுதியெல்லாம் அங்கே போய்ப் படிந்ததால், அந்தக் கிளைக்காரர்கள் புழுதி நிறமாகவே ஆகிவிட்டார்கள். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. வேறு ஒரு கவலை இருந்தது.

மரத்தின் அடியில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு சாரைப்பாம்பு. முட்டைக் காலம் வந்தால் அது மெல்ல மேலேறி அடிக்கிளைக் கூடுகளைத் துழாவும். அங்காயி என்ற அடிக்கிளைப் பெண்குருவி இப்படி இரண்டு ஈட்டு முட்டைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது ஈடு இடும் ஆசை அவளுக்கு இருந்தது, தைரியம்தான் இல்லை.

கொடுமை என்னவென்றால், மேற்கிளைக்காரர்கள் ஒருவர்கூடப் பாம்பைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? சாரைக்கு அடிக்கிளையிலேயே வயிறு நிறைந்துவிடும். நிறைந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு யார் மேலே ஏறுவார்கள்? "கீழே இருக்கிறவங்களுக்கு எப்பவும் ஒரு புலம்பல்" என்று சொல்லிவிட்டு அவர்கள் வெயில் காய்ந்தார்கள்.

பொந்தை அடைக்க ஆள் இல்லாமலில்லை. களிமண்ணைக் குழைத்துப் பூசுவதில் இருவாச்சியாரை மிஞ்ச எந்தக் காட்டிலும் பறவை கிடையாது. பட்டணத்து வேலைகளுக்கென்றே அவரைப் பழச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார்கள். ஆனால் ஆள் கறார். பட்டணத்தை நடத்த ஏழு பேர் கொண்ட மன்றம் ஒன்று இருந்தது. அந்த மன்றத்தின் தீர்மானம் இல்லாமல் ஓர் உருண்டை மண்ணைக்கூட அலகால் தொடமாட்டார்.

"நாலு சிறகு தூக்கினா போதும் தாயி, நாளைக்கே அடைச்சிருவேன்" என்றார் அங்காயியிடம். "தூக்காம நானா போய் அடைச்சா, நாளைக்கு எவனோ ஒருத்தன் சொல்றான்னு உன் கூட்டையும் அடைக்க வேண்டி வரும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த ஏழு பேர் யார்? ஏழும் பொன் நிறம்.

அது எப்படி நடந்தது என்று கேளுங்கள். இலுப்பை பூக்கும் பருவத்தில்தான் தேர்தல். நிற்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு இலையைத் தொன்னையாக மடித்து வரிசையாக வைப்பார்கள். மரத்துப் பறவைகள் எல்லாம் வந்து, பிடித்தவரின் தொன்னையில் ஒரு பூவைப் போடும். அதிகப் பூ விழுந்த முதல் ஏழு பேர் மன்றத்துக்கு. உச்சிக்கிளைக்காரர்கள் கூடிப் பேசி ஏழு பேரை மட்டும் நிறுத்தினார்கள். கீழ்க்கிளைகளில் கூட்டுக்கு ஒரு வேட்பாளர் நின்றார். புருஷன் ஒரு தொன்னை, பெண்டாட்டி ஒரு தொன்னை. ஆளாளுக்குத் தன் பூவைத் தன் தொன்னையிலேயே போட்டுக்கொண்டு, ஜெயித்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திப் பறந்தார்கள். அங்காயியும் அப்படித்தான் பறந்தாள். அவள் தொன்னையில் கடைசிவரை அந்த ஒற்றைப் பூதான் கிடந்தது. அவள் புருஷன்கூடப் போடவில்லை. அவனும் நின்றிருந்தான்.

வந்த மன்றம் சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. சூரிய உதயத்துக்கு ஒரு வரவேற்புப் பாட்டு வேண்டும் என்று ஒரு தீர்மானம். உச்சிக்கொப்பை உறுத்தாத மாதிரி வழவழப்பாக்க வேண்டும் என்று இன்னொன்று. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக, அடிக்கிளைக்கு வெயில் கிடைக்காததற்கு வருத்தம் தெரிவித்து மூன்றாவது தீர்மானம்.

அங்காயிக்கு அழுகை வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் அந்தத் தொன்னைகளை நினைத்துப் பார்த்தபோது அவளுக்கு ஆத்திரம் வந்தது, அதுவும் தன் மேலேயே. பூ குறைவாகவா இருந்தது? மரம் முழுக்கப் பூ. சிந்திக் கிடந்ததுதான் குறை. அவ்வளவுதான், கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு கிளையாக ஏறினாள். பச்சைக் கிளையில் முசுறு எறும்புத் தொல்லை. வெள்ளைக் கிளைக்காரர்கள் தலையில் மேலே இருப்பவர்களின் எச்சம் விழுந்துகொண்டே இருந்தது. கறுப்புக் கிளையில் பாதி பட்டுப்போய் எப்போது முறியுமோ என்ற பயம். ஒவ்வொரு கிளையும் தன் வலி மட்டும்தான் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் பூ போடுங்கன்னு கேக்க வரல" என்றாள் அங்காயி. "உங்க எறும்பு எனக்குத் தெரியாது, எங்க பாம்பு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க பேசட்டும். கிளைக்கு ஒரு ஆள். அந்தந்தக் கிளையே எடுக்கட்டும்."

"உச்சிக்கிளை ஒத்துக்குமா?" என்று கேட்டது ஒரு பச்சைக்குருவி.

"அவங்களுக்கும் ஒரு ஆள் உண்டே. எங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு."

அடுத்த பூப்பருவத்தில், மரத்தின் பொதுக்கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது எழுந்த இரைச்சலைக் கேட்டிருக்க வேண்டும். கண்மாயில் நின்ற கொக்குகளெல்லாம் பயந்து அக்கரைக்குப் போய்விட்டன. ஆறு கிளையும் சிறகைத் தூக்கின. உச்சிக்கிளைத் தலைவர் பொன்னுரங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். தன் குரலையும் தன் நிறத்தையும் கொஞ்சம் அதிகமாகவே நேசித்தவர், அவ்வளவுதான். "ஊர் சொன்னா சரி" என்று தன் பொன் சிறகையும் தூக்கினார்.

இன்றைக்கு வார்டு என்கிறோமே, அது அன்றைக்கு அந்த மரத்தில் பிறந்தது. ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாகத் தொன்னைகள் வைத்தார்கள். அடிக்கிளையில் இந்தத் தடவை ஒரே தொன்னை. அங்காயியின் புருஷனும் அதில்தான் பூ போட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஏழு நிறத்தில் ஏழு பேர் உச்சிக்கிளையில் வந்து உட்கார்ந்தபோது, ஆ, அதுவல்லவா மன்றம். அங்காயி சிறகைத் தட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில்தான். முந்தின வாரம்தான் அவள் துணிந்து மூன்றாவது ஈடு இட்டிருந்தாள்.

ஏழு பேரும் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக எடுக்க வேண்டும். குரல் வளம் பார்த்துப் பொன்னுரங்கத்தையே எடுத்தார்கள். அவரும் விதிகள் சொன்னார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. தலைவர் அனுமதி இல்லாமல் வாய் திறக்கவே கூடாது. மூன்று பேர் கேட்டால் கூட்டத்தை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். சிறகுகள் சரிசமமாகப் பிரிந்தால் தலைவர் சிறகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முடிவு.

பொந்தை அடைக்கும் தீர்மானம் வந்தது. பச்சை, வெள்ளை, அங்காயி மூவரும் சிறகு தூக்கினார்கள். சிவப்பு, நீலம், கறுப்பு தூக்கவில்லை. கறுப்புக் கிளைக்காரருக்குத் தன் பட்டுப்போன கொப்பை முதலில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"பார்க்காத பாம்புக்கு மண் பூசச் சொன்னா எப்படிம்மா?" என்றார் பொன்னுரங்கம், சிறகை மடக்கியபடியே.

"அப்ப வந்து பாருங்க" என்றாள் அங்காயி. "நாளைக்குக் கூட்டம் கீழ. மரத்தடியில. நாங்க மூணு பேர் கேக்குறோம்."

மறுநாள் காலை ஏழு பேரும் தரையில் இறங்கினார்கள். மன்ற உறுப்பினர்கள் மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சாயப்பொடிக் கடைக்காரன் கடையைக் கவிழ்த்துவிட்ட மாதிரி புழுதிமேல் அத்தனை நிறமும் பளபளத்தன. அங்காயி மட்டும் இருக்கிற இடம் தெரியவில்லை. இருவாச்சியார் பக்கத்தில் ஒரு கல்மேல் வந்து உட்கார்ந்து, தயாராக ஓர் உருண்டைக் களிமண்ணையும் வைத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் பொந்துக்கு முதுகைக் காட்டி நின்று, போன கூட்டத்தில் நடந்ததையெல்லாம் ராகம் போட்டு ஒப்பிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அங்காயி பார்த்தாள். பொந்து வாயில் இரண்டு கண்கள்.

அவள் சிறகைத் தூக்கினாள்.

"உங்க முறை இன்னும் வரல" என்றார் பொன்னுரங்கம்.

சாரை வெளியே வழிந்தது. தலையை உயர்த்தி முதலில் அடிக்கிளையைப் பார்த்தது. அங்கே கூட்டில் அங்காயியின் நீல முட்டைகள். பிறகு அதன் பார்வை கீழே இறங்கியது, வெயிலில் தகதகத்த பொன் முதுகின்மேல் வந்து நின்றது.

அந்த ஒரு நொடியில் அங்காயி நினைத்தாள். ஏன் மறைக்க வேண்டும், நினைக்கத்தான் செய்தாள். இவரைத் தின்றால் அதற்கு வயிறு நிறைந்துவிடும். வயிறு நிறைந்தால் மேலே ஏறாது. அந்தக் கணக்கு அந்த மரத்தில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இரண்டு ஈட்டு முட்டைகளைக் கொடுத்துப் படித்த கணக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். விதியும் அதைத்தான் சொன்னது.

அவள் வாயை மூடவில்லை. "பாம்பு" என்று அலறிக்கொண்டே பாய்ந்து, பொன்னுரங்கத்தை நெஞ்சோடு முட்டிப் புழுதிக்குள் தள்ளினாள். சாரையின் வாய் வெறுங்காற்றைக் கடித்தது. பொன்னுரங்கம் இரண்டு புரள் புரண்டு எழுந்தபோது பொன்னைக் காணோம். மண்ணோடு மண்ணாக ஒரு குருவி நின்றது.

"புரளுங்க, எல்லாரும் புரளுங்க" என்று கத்தினாள் அங்காயி.

சிவப்பு புரண்டது, பச்சை புரண்டது, நீலமும் கறுப்பும் வெள்ளையும் புரண்டன. ஏழும் ஒரே நிறம். எழுந்த ஏழும் ஒரே நேரத்தில் கத்தின. அனுமதி யார் கேட்டார், யார் கொடுத்தார்? எல்லோரையும்விட உரக்கக் கத்தியது தலைவர்தான். சாரை இந்தப் பக்கம் தலையை நீட்டினால் அந்தப் பக்கம் கத்தல். அந்தப் பக்கம் திரும்பினால் வால் பக்கம் கத்தல். எது எங்கே இருக்கிறது என்றே அதற்குப் பிடிபடவில்லை. பொந்துக்குத் திரும்பவும் வழியில்லை, அந்த வாயில் இருவாச்சியார் தன் பெரிய அலகோடு நின்றுவிட்டார். சாரை கோரைப்புல்லுக்குள் நுழைந்து, கண்மாய்க்கரையைத் தாண்டி, காடு பார்க்கப் போய்விட்டது.

"பொந்தை அடைக்கும் தீர்மானம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே தொடங்கினார் பொன்னுரங்கம். சொல்லி முடிப்பதற்குள் ஏழு சிறகும் மேலே. இருவாச்சியார் அப்போதுதான் முதல் மண்ணை அப்பினார். ஆள் கறார்தானே.

சாயங்காலம் பொன்னுரங்கம் உச்சிக்கிளைக்குப் போனார். "அடிக்கிளைக்காரருக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார்கள் அவருடைய சொந்தக்காரர்களே. குரலைக் காட்டிய பிறகுதான் இடம் விட்டார்கள். கண்மாய் பக்கத்திலேயே இருந்தது. ஒரு முழுக்குப் போட்டால் பொன் திரும்பியிருக்கும். அவர் அங்காயியின் கூட்டுக்கு வந்தார். அவள் முட்டைகளை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அங்காயி, ஒண்ணு கேக்கணும். என்னை அது தின்னிருந்தா உன் முட்டைக்கு ஆபத்து இருந்திருக்காது. உனக்குத் தெரியாதா அது?"

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன்?"

"இத்தனை நாளா எங்களைத் தின்னதாலதான நீங்க பத்திரமா இருந்தீங்க. அது தெரிஞ்ச எங்களுக்கு, இன்னொருத்தரைத் தின்னக் கொடுத்துட்டு உக்காந்திருக்க முடியலண்ணே."

 பொன்னுரங்கம் கண்மாய்ப் பக்கமே திரும்பாமல் தரையில் இறங்கி, உடம்பில் பொன் எட்டிப் பார்த்த இடங்களையெல்லாம் புழுதியில் இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை அவர்களும் தேய்த்தார்கள், அவர்களைப் பார்த்து அவரவர் கிளைக்காரர்களும். அடுத்த பருவத்தில் மரம் முழுக்க ஒரே நிறம். யார் எந்தக் கிளை என்று பெற்ற தாய்க்கே தெரியவில்லை. அங்காயியின் குஞ்சுகள் அந்த நிறத்தோடேயே பறந்தன.

அந்தக் காலைக் கூட்டம் முடிந்த நாள் தொட்டுத்தான், தவிட்டுக் குருவிகள் ஏழேழு பேராகச் சேர்ந்து மரத்தடியிலேயே தத்தித் திரிகின்றன, ஒவ்வொரு சருகையும் புரட்டிப் பார்க்கின்றன, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏழும் ஒன்றாகவே பேசுகின்றன. ஒன்றுக்கு ஆபத்தென்றால், எந்தக் கிளை என்று கேட்காமல் ஏழும் கத்துகின்றன.