முள் கிடந்த மூலை

"இன்னைக்கும் கதவைத் தொறக்கலைம்மா."

வைரவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசியவர் அவர்தான். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மகள் உமையாள் இன்னும் பேசவில்லை. இவரோ தினமும் பஸ் பிடித்துப் போய், அவள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறார். காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனிதர்.

"நான் இன்னும் என்னதான் செய்யணும்?"

அவர் குருவாக மதிக்கும் அரசியம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். பேச்சில் கஞ்சம். கொல்லைப்புறத்தைக் கைகாட்டினார்.

"அதுல கீரை முளைக்க வைங்க. பிறகு பேசலாம்."

அது களிமண். இறுகிக் கிடந்தது. மழை பெய்ததும் வைரவன் மண்வெட்டியோடு பாய்ந்தார். பெயர்ந்த கட்டியெல்லாம் வெயில் பட்டதும் செங்கல்லாகிவிட்டது.

"ஈரத்துல கொத்தாதீங்க."

அப்புறம் மக்கிய எருவைக் கலந்து, விதை தூவி, மேலே சருகைப் பரப்பச் சொன்னார் அரசியம்மாள். ஒரு மூலையில் மட்டும் தன் கையாலேயே இலந்தை முள்ளை வெட்டிப் போட்டார். ஆடு வராமல் இருக்க என்று வைரவன் நினைத்துக்கொண்டார்.

"இனி காத்திருங்க."

காத்திருப்பதா? வைரவனா? காலையில் பாத்திக்குள் இறங்கிச் சருகை விலக்கிப் பார்த்தார். மாலையில் குச்சியால் குத்திப் பார்த்தார். மழை விட்டால் முதல் ஆளாக அங்கே நின்றார். பச்சையாக ஒன்றும் தலைகாட்டவில்லை.

"இது மண்ணே இல்லம்மா! எருவையும் தின்னுது, விதையையும் தின்னுது. எனக்கு நெஞ்சு பதறுது."

அரசியம்மாள் போய் முள்ளைத் தூக்கினார். அடியில் தண்டுக்கீரை நெருக்கமாக முளைத்திருந்தது.

வைரவன் விரலை வைத்தார். விரல் முழுசாக மண்ணுக்குள் இறங்கியது.

"இங்க மட்டும் என்ன போட்டீங்க?"

"நீங்க போட்டதுதான். அதே எரு, அதே விதை."

"பின்னே?"

அரசியம்மாள் மீதிப் பாத்தியைப் பார்த்தார். வைரவனும் பார்த்தார்.

பாத்தி முழுக்கக் குதிகால் தடங்கள். ஒவ்வொன்றிலும் நேற்றைய மழைத்தண்ணீர் வடியாமல் நின்றது.

தெருவில் ஹாரன் கேட்டது. மகள் ஊருக்குப் போகும் பஸ். வைரவனின் கால் பழக்கத்தில் எழுந்தது. பஸ் நின்றது, போயும் விட்டது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, இந்த முள்ளை நான் எடுத்துக்கிட்டுப் போகவா?"

"எங்க போடப் போறீங்க?"

"என் வீட்டு வாசல்ல. என் கால் தாண்டாம இருக்க."