அகழி வீட்டு முயல்

இங்கிலாந்து நாட்டில், ஒரு காட்டின் நடுவே, மனிதர்கள் கைவிட்டுப் போன பழைய வீடு ஒன்று நின்றது. கொள்ளையருக்கு அஞ்சிய பண்ணைக்காரர் ஒருவர் அதைச் சுற்றி அகழி வெட்டியிருந்தார். அவர் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. கூரை சரிந்துவிட்டது. அகழி நீர் மட்டும் வற்றவில்லை. கறுத்து, அசைவில்லாமல் கிடந்தது. அதன் மேல் ஓர் ஒற்றை மரப்பாலம்.

அந்தக் காட்டு முயல் ஒன்றுக்கு எதைக் கண்டாலும் பயம். அதன் மனைவியை நரி கவ்விக்கொண்டு போன நாள்முதல் அது கண்மூடித் தூங்கியதே இல்லை.

ஒருநாள் காலை அது பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்தது. முற்றம் முழுக்கப் புல். ஒரு குருவிகூடக் கத்தவில்லை. 'எவ்வளவு அமைதி!' என்று முயல் மகிழ்ந்துபோனது. இருண்டு கிடந்த அறைகளுக்குள் போக மட்டும் அதற்குக் கால் வரவில்லை. முற்றத்து மூலையிலேயே வளை தோண்டிக்கொண்டது.

அதன் அண்ணன் அக்கரையில் நின்று எச்சரித்தது. குருவியே தங்காத இடம் நமக்கு ஆகாது, அறைகளைப் பார்க்காமல் குடியேறாதே என்றது. அண்ணனுக்குப் பொறாமை என்று நினைத்தது முயல்.

பாலம் இருந்தால் நரி வருமே! முயல் மூன்று நாள் விடாமல் பாலத்தின் உளுத்த மரத்தைக் கொறித்தது. மூன்றாம் நாள் காலை பாலம் முறிந்து விழுந்தது. சத்தமே எழவில்லை. கறுத்த நீர் அதை அப்படியே விழுங்கிக்கொண்டது.

மூடுபனி இறங்கி அக்கரையை மறைத்தது. முயல் வெகுகாலத்துக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.

விழித்தபோது, வீட்டுக்குள் யாரோ மூச்சுவிடும் ஓசை கேட்டது.

"யார் உள்ளே?" என்றது முயல்.

"இந்த வீட்டுக்காரன்" என்றது ஒரு மெல்லிய குரல். இருட்டிலிருந்து ஒரு மரநாய் மெதுவாக வெளியே வந்தது. "இங்கே வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கண்டதும் பாலம் வழியே ஓடிவிடுவார்கள். நீ அதை முறிக்க வேண்டும் என்றுதான் மூன்று நாளும் பேசாமல் இருந்தேன்."

முயல் பின்வாங்கியது. பின்னங்காலில் தண்ணீர் சில்லென்று பட்டது. "பாலம் இல்லாமல் நீயும் இங்கேதான் கிடக்க வேண்டும்" என்றது.

"எனக்கு நீந்தத் தெரியும்" என்றது மரநாய்.

நண்பகலில் பனி விலகியது. அண்ணன் முயல் அக்கரையில் நின்று நெடுநேரம் கூப்பிட்டது. பதில் வரவில்லை.

நீதி: பகைவன் உள்ளே இல்லை என்று பார்த்த பிறகே வாசலை அடைக்க வேண்டும்.