பிரம்படி பட்ட முதலை

2014-இல் அணைக்கரையில் படகோட்டி மாசிலாமணி சொல்லக் கேட்டது.

தம் பாட்டனார் கொள்ளிடத்தில் சுட்டதென்று, பழைய முதலை மண்டையோடு ஒன்றைப் பிரம்பால் தட்டித் தட்டிக் காட்டுவார் அருங்காட்சியகத் தலைவர் தில்லைநாயகம். மரபணு ஆய்வாளர் ஒருவர் எலும்புத் துணுக்குக் கேட்டார். ஊரார் முன் மறுக்க இயலாமல், பெருக்கும் செங்கமலத்தை அழைத்தார் தலைவர்.

“எடுத்துக் கொடு. கருவி எதுவும் மண்டையில் படக்கூடாது. பட்டால் உனக்கு வேலையில்லை.”

அவள் பொட்டலமொன்றை நீட்டினாள்.

“எதுவும் படலைங்கய்யா. நீங்க தட்டித் தட்டி உதிர்ந்ததைத்தான் பெருக்கிச் சேர்த்து வச்சிருக்கேன்.”

ஆய்வின் முடிவு வந்தது. உருவம் ஒத்திருந்தாலும் அது கொள்ளிடத்து முதலையன்று. கடலுக்கப்பால் வாழ்ந்த, அதுவரை எவரும் பிரித்தறியாத இனம்.

தலைவர் பிரம்பை ஒளித்துவிட்டார் என்று முடித்தார் மாசிலாமணி. சிதம்பரத்தார் சொல்லும் வடிவிலோ, பாட்டனார் கப்பலேறிப் போய்ச் சுட்டதாக மறுநாளே தலைவர் மண்டையோட்டைத் தட்டிக் காட்டினார். செங்கமலமும் துடைப்பத்தை எடுத்தாள்.