சிவப்புப் பென்சில் காணாமல் போன படம்

திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அங்கே ஒரு மேக்கப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சிவப்புப் பென்சில். தன்னைப் பார்க்காதவன் கண்ணே இல்லாதவன் என்பது அதன் எண்ணம். கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே எடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு அதற்கு இவ்வளவு மிதப்பு.

ஸ்டுடியோக்காரி ரெஜினாவுக்குப் பரிசோதனைப் பைத்தியம். அந்தக் காலத்துச் சினிமாக்காரர்களின் தந்திரங்களைத் தேடிப் பிடித்து, தன் பெரிய பெட்டிக் கேமராவில் செய்து பார்ப்பாள்.

ஒருநாள் காலை நாடக நடிகை கோமளா வந்தாள். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். முதல் நாடகத்தில் கிழவி வேஷம் கட்டி நன்றாக நடித்துத் தொலைத்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு வேறு வேஷம் கொடுக்கவில்லை.

"ரெஜினா, புதுசா ஒரு நாடகம் போடுறாங்க. இருபது வயசுல ஆரம்பிச்சு எழுபதுல முடியுற பொம்பள. ஒருத்தியே முழுசும் நடிக்கணுமாம். ஒரே ஒரு போட்டோ கேக்குறாங்க, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள. எனக்கு இது கிடைச்சே ஆகணும்."

"ரெண்டு வயசையும் ஒரே படத்துல காட்டிருவோம்க்கா," என்றாள் ரெஜினா. "ஒரே பிலிம்ல ரெண்டு தடவை எடுக்கிறேன். இடப்பக்கம் திரும்பி ஒண்ணு, வலப்பக்கம் திரும்பி ஒண்ணு. மேக்கப் ஒரே தடவைதான். சிவப்புப் பென்சில்ல சுருக்கம் போட்டாப் போதும்."

சிவப்புக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா அண்ணே? உன்னை விட்டுட்டு என்னையக் கூப்பிடுறா!" என்று பெட்டியில் பக்கத்தில் கிடந்த கறுப்புப் பென்சிலை இடித்தது.

மேசைமேல், லென்சுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடிகள் இரண்டு கிடந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பென்சில் சிவப்புக் கண்ணாடியிடம் போய் உறவு கொண்டாடியது.

"நாம ஒரே நிறம். நீதான் என்னை நல்லாக் காட்டணும்."

"காட்டுறதா? நான் பார்த்தா சிவப்பெல்லாம் வெளுப்பாத் தெரியும், நீ தோலோட தோலாப் போயிருவ. இருக்கிற இடமே தெரியாது. இருபது வயசைக் காட்டத்தானே என்னை மாட்டுறாங்க?"

பச்சைக் கண்ணாடி குறுக்கே பேசியது. "உனக்கும் எனக்கும் ஒட்டாது. அதனால என் கண்ணுக்கு நீ கன்னங்கரேல்னு தெரிவ. ஒரு கோடு விடாமச் சொல்லிருவேன்."

சொந்தக்காரன் மறைக்கிறான், ஆகாதவன் காட்டுகிறான், இது எந்த ஊர் நியாயம்? பாதிப் படத்தில் தான் இல்லாமல் போவதை நினைக்கவே சிவப்புப் பென்சிலுக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் புத்தி எங்கே நிற்கும்?

"அண்ணே, உன் மையில கொஞ்சம் என் மூக்குல தடவி விடேன்," என்றது.

கறுப்புக்கும் அதுதானே வேண்டும். தாராளமாகத் தடவிவிட்டது.

அவசரத்தில் ரெஜினா கவனிக்கவில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் கோடுகள் போட்டாள். பச்சையை மாட்டி ஒன்று எடுத்தாள். கோமளா முகத்தை மறுபக்கம் திருப்பினாள். சிவப்பை மாட்டி இன்னொன்று எடுத்தாள். இருட்டறைக்குப் போய் ஈரப் படத்தோடு திரும்பி வந்தாள்.

இரண்டு பக்கமும் கிழவி.

கோமளா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைய எப்படி எடுத்தாலும் இதுதான் வருமோ?" என்றாள். கண்ணீர் வழிந்து கன்னத்துக் கோடுகள்மேல் இறங்கியது. அந்தக் கோடுகளில் இருந்த சிவப்புக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கடைசியாக மிஞ்சியிருந்த பிலிம் தாள் உறைக்குள்ளிருந்து சிவப்புப் பென்சிலைப் பார்த்துக் கத்தியது. "எனக்கு முன்னாடி போன பிலிம், எங்க அக்கா, அவளைப் பாழாக்கிட்டே! இனி நான் ஒருத்திதான் மிச்சம். என்னையும் கெடுத்துறாத."

கோமளா தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் முகத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அந்தப் பிலிம் கிடக்கட்டும்," என்றது கறுப்பு. "வா தம்பி, இன்னும் அழுத்தித் தடவுறேன். ரெண்டு பக்கமும் ஜம்முனு தெரிவ."

தெரிய வேண்டும் என்பதுதான் சிவப்பின் ஆசை. ஆனாலும் அது கறுப்பின் பக்கம் போகவில்லை. மேசை விளிம்புக்கு உருண்டு, தலைகுப்புறத் தரையில் விழுந்தது. மை படிந்த மூக்கு முறிந்தது.

"இது வேறயா!" என்று சலித்துக்கொண்டே ரெஜினா அதை எடுத்துச் சீவினாள். முறிந்து கிடந்த துண்டைப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "அக்கா, இதுல கறுப்பு ஒட்டியிருக்கு! கறுப்பு எந்தக் கண்ணாடிக்கும் மறையாது. அதான் கெட்டுப்போச்சு. அழாதீங்க, இன்னொரு பிலிம் இருக்கு."

மறுபடி கோடுகள் விழுந்தன, இந்த முறை அசல் சிவப்பாக. பச்சைக் கண்ணாடி பார்த்தபோது சிவப்பு கோமளாவின் கன்னத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. சிவப்புக் கண்ணாடி வந்தபோது அதனிடம் மெதுவாகக் கேட்டது.

"வலிக்குமா?"

"தெரியல. போனவங்க யாரும் வந்து சொன்னதில்ல," என்றது கண்ணாடி.

சிவப்பு கண்ணை மூடிக்கொண்டது.

படம் வந்தது. ஒருபக்கம் எழுபது வயதுக் கிழவி. மறுபக்கம் இருபது வயதுப் பெண், ஏதோ கேட்க வாயெடுத்தவள். கோமளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இதுக்கு மட்டும் மேக்கப்பத் துடைச்சிட்டியா?"

"எங்க துடைச்சேன்க்கா? இப்பவும் உங்க மூஞ்சியிலதான இருக்கு."

கோமளா கன்னத்தைத் தொட்டாள். விரலில் சிவப்பு ஒட்டியது. முகம் கழுவக்கூட நிற்காமல் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

மேக்கப் பெட்டி மூடப்பட்டது. கறுப்புக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டா, அந்தச் சின்னப் பொண்ணு மூஞ்சியில நீ எங்கடா இருக்க?"

"நான் இல்லண்ணே," என்றது சிவப்பு. "அதான் அவ இருக்கா."