இரண்டு இடம், ஒரு பானை

ஒரு காட்டில் சிலந்தி ஒன்று இருந்தது. வலை பின்னுவது அதன் பரம்பரைத் தொழில். அதனால் காட்டின் வலைப்பக்கத்தையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

சிலந்தி அதைப் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதியது. பக்கத்துக்கு இரண்டு வார்ப்புருக்கள், அதாவது வெற்றிடம் விட்டு எழுதிய வரிகள். மேலே, "தண்ணீர் உள்ள இடம்". கீழே, "புலி படுத்திருக்கும் இடம்". இரண்டிலும் நிரப்ப வேண்டிய வெற்றிடத்துக்கு 'இடம்' என்றே பெயர். தினமும் ஒவ்வொரு வார்ப்புருவுக்கும் உரிய மதிப்பை, அதாவது அன்றைய இடத்தின் பெயரை, சிலந்தி தனித்தனியே கொடுத்து நிரப்பும்.

கோடை வந்தது. குளங்கள் வற்ற வற்றச் செய்தி அடிக்கடி மாறியது. சிலந்தியின் எட்டுக் கால்களும் ஓய்ந்துபோயின.

குரங்கு சிரித்தது. "ஏன் அக்கா, ஆளுக்கொரு கிண்ணமா? கூட்டாஞ்சோறு மாதிரி எல்லாவற்றையும் ஒரே பானையில் போடு. வேண்டியதை வார்ப்புருவே எடுத்துக்கொள்ளும்."

சிலந்திக்கு அது பிடித்துப்போயிற்று. பொதுப்பானையில் முதலில் 'இடம்: பாறைக்குளம்' என்று போட்டது. அடுத்து 'இடம்: மூங்கில் புதர்' என்று போட்டது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்புதான் நிற்கும். பின்னால் வந்தது முன்னால் இருந்ததைத் தள்ளிவிட்டது. சிலந்தி கடைசி வரியை மட்டும் பார்த்தது. புலியின் இடம் சரியாக இருந்தது. சிலந்தி தூங்கப் போய்விட்டது.

இரண்டு நாளாக நாக்கு நனையாத மான் ஒன்று குட்டியோடு வந்தது. முதல் வரியைப் படித்தது. "தண்ணீர் உள்ள இடம்: மூங்கில் புதர்." தாகம் எடுத்தவர்கள் இரண்டாம் வரி படிப்பதில்லை. நேரே அங்கே போனது.

"அடடா, தேடி வந்திருக்கிறாயே!" என்றது புலி.

மான் திரும்பி, குட்டியை முன்னால் ஓடவிட்டுத் தான் பின்னால் ஓடியது. குட்டி தப்பியது. மானின் தொடையில் ஒரு துண்டுச் சதை போயிற்று.

நொண்டிக்கொண்டே சிலந்தியிடம் வந்தது. "தண்ணீர் கேட்டேன். புலியிடம் அனுப்பினாயே, அக்கா."

"நான் பொய் எழுதவில்லை. வார்ப்புரு 'இடம்' கேட்டது. பானை 'இடம்' கொடுத்தது."

குரங்கு மெல்ல மேல்கிளைக்கு ஏறிக்கொண்டது.

மான் சொன்னது: "எந்தக் குளமானாலும் புலியும் நானும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஆனால் அது இறங்கும் துறை வேறு, நான் இறங்கும் துறை வேறு. அதனால்தான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறேன்."

சிலந்திக்கு வெட்கமாகிவிட்டது. பானையை அது உடைக்கவில்லை. பானையிலும் வார்ப்புருக்களிலும் ஒன்றுக்கு 'நீர்_இடம்' என்றும் மற்றதற்கு 'புலி_இடம்' என்றும் பெயர் மாற்றியது. பிறகு முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தது.

பொதுவில் வைப்பது தவறில்லை. எது எதற்கு என்று பெயர் சொல்லி வைக்காவிட்டால், ஒருவர் சோம்பலுக்கு இன்னொருவர் சதை கொடுக்க நேரும்.